எலி மருந்து வாங்குவது குடியிருப்பவர்! ஓட்டையை அடைப்பது யார்?

சென்னையில் வாடகை வீடு தேடுகிறவர்களுக்கு ஆயிரம் நிபந்தனை உண்டு. எலிக்கு ஒன்றும் கிடையாது. அட்வான்ஸ் இல்லை, வாடகை இல்லை. சுவரில் அரை அங்குல ஓட்டை இருந்தால் போதும், குடும்பத்தோடு குடியேறி விடும். சுண்டெலிக்கு அதுகூட வேண்டாம். பென்சில் நுழைகிற சந்தே அதற்கு வாசல்!

அணிலும் லேசுப்பட்டதல்ல

ராமர் தடவிக் கொடுத்த பிள்ளை என்று அணிலை யாரும் விரட்டுவதில்லை. அதுவோ ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் தேங்காய் நாரையும் பஞ்சையும் திணித்துக் கூடு கட்டுகிறது. ஜன்னலில் அடித்த நைலான் கொசுவலையைக் கத்தரிக்கிறது. கேபிள் டி.வி. வயரைக் கடித்து வைக்கிறது.

மேலே அணில் என்றால் கீழே பெருச்சாளி. காம்பவுண்டு சுவர் ஓரமாக வளை தோண்டி மண்ணை வெளியே தள்ளுகிறது. அந்த வளைக்குள் மழைத் தண்ணீர் இறங்கினால் தளம் உள்வாங்கும், சுவர் சாயும்.

இவை வேண்டுமென்று செய்கிற வேலை அல்ல. இந்த மூன்றுக்கும் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்தே ஆக வேண்டும். அது நம்ம வீட்டு வயரா, பக்கத்து வீட்டு வயரா என்று அவை பார்ப்பதில்லை.

"மருந்து வாங்கி வையுங்க!"

"சமையல்கட்டு குழாய் பக்கத்துல பெரிய ஓட்டை சார், ராத்திரி ஆனா எலி வருது" என்று குடியிருப்பவர் முறையிடுகிறார். "அதெல்லாம் நீங்கதான் பார்த்துக்கணும். கடையில மருந்து விக்குது, வாங்கி வையுங்க" என்பது வீட்டுக்காரரின் வழக்கமான பதில். மருந்து வருகிறது. ஓட்டை அப்படியே இருக்கிறது!

மருந்து தின்ற எலி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செத்து நாறும். அதே ஓட்டை வழியாக அடுத்த எலி உள்ளே வரும். சினையான எலி 3 வாரத்தில் குட்டி போட்டு விடுகிறது. இந்தக் கணக்கை மருந்துப் பொட்டலத்தால் ஜெயிக்க முடியுமா?

ஆபத்து வேறு இருக்கிறது. 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே ஓர் அடுக்குமாடி வீட்டில், எலிக்காக வைத்த மருந்தின் நெடியில் 2 குழந்தைகள் உயிரிழந்தன. பெற்றோரும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். அதற்குப் பிறகும் "மருந்து வையுங்க" என்று சொல்வது நியாயமா?

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் பொறுப்புகளைப் பிரித்துச் சொல்லும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு 2019-ல் அமலுக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், கட்டிடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, குழாய் மாற்றுவது, மின்சார வயரிங் இவையெல்லாம் உரிமையாளர் பொறுப்பு. கழிவுநீர்க் குழாய் அடைப்பைச் சுத்தம் செய்வது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு.

சுவர் வீட்டுக்காரருடையது என்றால், சுவரில் இருக்கிற ஓட்டை மட்டும் எப்படி குடியிருப்பவருடையது ஆகும்? அட்வான்ஸ் வாங்குகிற கைதான் சிமெண்டும் வாங்க வேண்டும். அதுதான் முறை!

செலவு பெரிசில்லை

ஒரு கொத்தனார் அரை நாளில் முடிக்கிற வேலை இது. குழாய், வயர் நுழைகிற இடங்களில் உடைந்த கண்ணாடித் தூள் கலந்த சிமெண்டைப் பூச வேண்டும். காற்றுத் துவாரங்களுக்குக் கால் அங்குலக் கண் உள்ள இரும்பு வலை அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் வலை வீண். அதை ஒரே ராத்திரியில் கடித்துவிடும். கழிவுநீர்த் தொட்டி மூடி உடைந்திருந்தால் மாற்ற வேண்டும்.

மாடியை உரசுகிற மரக்கிளையை 6 அடி தள்ளி வெட்டினால் அணில் தாவுவது குறையும். தனியாக நிற்கும் தென்னை மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒன்றரை அடி அகலத் தகரப் பட்டை சுற்றினால் எலி ஏறாது. தோப்புக்காரர்கள் செய்கிற வேலைதான் இது.

ஒரு விஷயம்: அணில் கூட்டை எடுக்கும் முன் குட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இருந்தால், அவை வளர்ந்து வெளியேறும் வரை சில வாரம் பொறுங்கள். குட்டியை உள்ளே வைத்து அடைப்பது பாவம் மட்டுமல்ல, நாற்றமும் உங்களுக்குத்தான்.

குடியிருப்பவர்களும் யோக்கியம் பேசிவிட்டுப் போக முடியாது. மிச்ச சோற்றைக் கவரில் கட்டி ராத்திரி வாசலில் வைத்தால், அது எலிக்கு வைக்கிற விருந்து. ஒரு வீட்டு ஓட்டையை அடைத்தால் எலி அடுத்த வீட்டுக்குப் போகும். தெருவே சேர்ந்து அடைத்தால்தான் பலன்.

மழைக்கு முன்பே!

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். எலியின் சிறுநீர் தேங்கிய தண்ணீரில் கலந்து, காலில் இருக்கிற சின்னக் காயம் வழியாக எலிக் காய்ச்சலைக் கொடுக்கும். அதற்கு வீட்டுக்காரர், குடியிருப்பவர் என்ற வித்தியாசம் கிடையாது.

எனவே, "உன் பாடு, என் பாடு" என்ற பேச்சை விட்டுவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து வீட்டை ஒருமுறை சுற்றி வரட்டும். ஓட்டையைக் காட்ட வேண்டியது குடியிருப்பவர். அடைக்க வேண்டியது வீட்டுக்காரர்!