தாத்தாவின் காருக்கு ஒரு கொட்டகை!

சட்டம் காப்பாற்றியது, உப்புக்காற்று விடுமா?

செங்கல்பட்டு மாவட்டத்து வண்டலூரில் ஒரு காலத்தில் கார் செய்தார்கள். "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்று அதற்குப் பெயர். 1961ஆம் ஆண்டு அது வெளிவந்தது. சின்னக் கார், அழகான கார். பின்னாளில் அந்தத் தொழிற்சாலை நின்றுபோயிற்று. ஊரெல்லாம் ஓடிய அம்பாசிடர் காரும் 2014ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது.

தொழிற்சாலைகள் போய்விட்டன. கார்கள் போகவில்லை! தாத்தா வாங்கிய கார், அப்பா ஓட்டிய கார் என்று சில வீடுகளில் இன்னும் நிற்கின்றன. விற்க மனம் வராது. ஓட்டவும் வேளை வராது. மரத்தடியில் நின்றுகொண்டிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்படிப்பட்ட கார்களுக்காக மத்திய அரசு 2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் தனி விதி கொண்டுவந்தது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சொந்தக் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் பழம்பெரும் வாகனம் என்று பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய்.

ஆனால், இரண்டு நிபந்தனைகள் உண்டு.

ஒன்று: அந்தக் காரை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார்களின் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம்.

இரண்டு: கார் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். அடிச்சட்டம், மேற்கூடு, என்ஜின் இவற்றை மாற்றி அமைக்கக் கூடாது.

இதன் பொருள் என்ன? கார் பெரும்பாலும் வீட்டிலேயே நிற்கும். நிற்கும்போது துருப்பிடித்து மேற்கூடு உளுத்துப்போனால், விருப்பம்போல் வேறு கூடு மாட்டவும் முடியாது. ஆகவே, பழைய காரின் உயிர் இப்போது சாலையில் இல்லை. அது நிற்கும் கொட்டகையில் இருக்கிறது!

உப்பு செய்யும் வேலை

கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் வரை கடலோரத்தில் வீசுவது உப்புக்காற்று. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லையே அது அரிக்கிறது. அந்தக் கல்லில் ஊறிய உப்பை எடுக்கத் தொல்லியல் துறை காகிதக் கூழைப் பூசி உறிஞ்ச வைக்கிறது. கல்லுக்கே இந்தக் கதி என்றால் தகரம் எம்மாத்திரம்?

மழைக்காலத்தில் சமையல் அறையில் உப்பு ஜாடி கசிவதைப் பெண்கள் அறிவார்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கார் மேல் படிந்த உப்பும் அப்படித்தான். மழை பெய்யாவிட்டாலும் கார் நனைந்தே இருக்கும். கடலை விட்டுத் தள்ளிப் போகப் போக இந்தத் தொல்லை குறையும். செங்கல்பட்டு ஊருக்குள் மழையும் வெயிலும்தான் முக்கியப் பகை.

தார்ப்பாய் தப்பு!

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. காரின் மேல் தார்ப்பாயைப் போர்த்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். மழை உள்ளே போகாது, உண்மைதான். ஆனால், தரையிலிருந்து எழும் ஈரம் வெளியேயும் போகாது! வெயிலில் கார் உள்ளே புழுங்கும். இரவில் வியர்க்கும். துருவுக்கு இதைவிட விருந்து வேண்டுமா?

காருக்கு வேண்டியது போர்வை அல்ல, குடை. மேலே கூரை, பக்கங்களில் காற்று.

எப்படிப் போடுவது?

அம்பாசிடர் காரின் நீளம் சுமார் 14 அடி. அகலம் ஐந்தரை அடி. கதவைத் திறந்து இறங்க வேண்டும் அல்லவா? 18 அடி நீளம், 11 அடி அகலம் இருந்தால் போதும்.

இடத்தை முதலில் பார்க்க வேண்டும். தென்னை மரத்தடி ஆகாது. தேங்காய் ஒன்று விழுந்தால் போதும்!

கால்களுக்கு இந்தப் பக்கத்தில் விளையும் சவுக்குக் கழிகளே போதும். இரண்டு அடி ஆழம் நட வேண்டும். கூரைக்குச் சரிவு வேண்டும். கீற்றுக் கூரை குளிர்ச்சி தரும். ஆனால் பெட்ரோல் உள்ள இடம். தீபாவளி வாணத்தின் ஒரு பொறி போதும். தகரம் போடுவதே நல்லது. கடல் பக்கம் மட்டும் ஒரு தட்டி கட்டி, அடியில் ஒரு முழம் இடைவெளி விடலாம்.

வெறும் மண் தரையில் காரை நிறுத்தக் கூடாது. சிமெண்டுத் தரை இல்லையென்றால், கனமான பிளாஸ்டிக் தாளை விரித்து, சக்கரங்களுக்கு அடியில் பலகை போடலாம். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் காரின் அடிப்பாகத்தையும் கழுவ வேண்டும்.

புயல் வந்தால்?

2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி இரவு, மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. அப்படிப்பட்ட காற்றில் தகரம் பறந்தால் பக்கத்து வீட்டாரின் தலைக்கு ஆபத்து. எச்சரிக்கை வந்த உடனே தகரத்தைக் கழற்றிக் கட்டி வைக்க வேண்டும். காரை உள்ளூர்ப் பக்கத்து உறவினர் வீட்டில் கொண்டுபோய் விடலாம். கழற்ற முடிவதுதான் தற்காலிகக் கொட்டகையின் பெருமை!

மாமல்லபுரத்துக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும். "கொட்டகைதானே" என்று கால் நட்டுவிட்டு, பிறகு நோட்டீசு வாங்குவானேன்? கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. கடலை ஒட்டிய மனைகளுக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு, உளுத்துப்போன ஒரு காரைச் சீர்செய்யும் செலவில் ஒரு சிறு பங்குதான். தாத்தா ஏறிய காரில் பேரன் ஒரு நாளாவது ஏற வேண்டாமா? ஐப்பசி மழைக்கு முன்பே கால் நட்டுவிட வேண்டும்.