சுவிட்ச் சொன்னது, நாங்கள் கேட்கவில்லை

உடுப்பிட்டியிலும் அக்கம்பக்கத்து வடமராட்சி ஊர்களிலும் கடை, ரியூசன் நிலையம், பாடசாலை என்று நெற்வேர்க் போட்டுக் கொடுத்தவர்கள் நாங்கள். கேபிள் இழுத்தோம், சுவிட்சைப் பெட்டிக்குள் பூட்டினோம், பச்சை விளக்கு மினுங்கியதும் திரும்பி வந்துவிட்டோம். அது சொல்வதை எழுதிவைக்க ஓரிடம் வேண்டும் என்று யாரும் எங்களிடம் கேட்கவில்லை. நாங்களாகச் சொல்லவும் இல்லை.

எந்தப் போர்ட் விழுந்தது, யார் உள்ளே வந்து அமைப்பை மாற்றினார் என்பதையெல்லாம் சுவிட்ச் லொக் செய்தியாகச் சேர்வருக்கு அனுப்பும். வழமையாக அது யூடிபி 514ஆம் போர்ட்டில் போகும். போய்ச் சேர்ந்ததா என்று அது திரும்பிக் கேட்காது. இணையம் நின்றால் உடனே எங்களுக்குத் தொலைபேசி வரும். லொக் நின்றால் ஒருவரும் எடுக்கமாட்டார்கள். அந்த மௌனத்தை நாங்கள் சுகம் என்று எடுத்துக்கொண்டோம்.

சேர்வர் வைத்த இடங்களிலும், லொக் ஏன் வரவில்லை என்று தேடப் போனால் பெரும்பாலும் எங்கள் கைவேலைதான் அகப்படுகிறது. சேர்வரை மாற்றினோம், சுவிட்சில் பழைய முகவரியை விட்டுவிட்டோம். சுவிட்சுக்குக் கேட்வே கொடுக்க மறந்தோம். சேர்வரின் ஃபயர்வோலில் 514ஐத் திறக்கவில்லை. செய்திகளின் கடுமைக்கு 0 முதல் 7 வரை எண் உண்டு; எண் குறையக் குறையக் கடுமை கூடும். செய்தி அதிகம், தொல்லை என்று அந்த அளவை 2க்கு இறக்கியவர்களும் நாங்களே. சிஸ்கோவில் போர்ட் விழுந்த செய்தி 3ஆம் எண்ணில் வரும். அதையும் சேர்த்து அடைத்துவிட்டோம்.

நேரத்தின் கதைதான் எனக்குக் கூடுதலாக நோகிறது. 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தது. ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் சுவிட்சின் நினைவிலிருந்த லொக் அழிந்துபோகும். பல சிஸ்கோ சுவிட்சுகளில் நேரத்தைக் காக்கப் பற்றரி இல்லை. நேரத்தை நெற்வேர்க் வழியாக எடுக்கும் என்ரிபி போடாவிட்டால் 1993 மார்ச் 1 என்ற திகதியோடு எழும்பும். நாங்கள் இன்றைய திகதியில் தேடிவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று எழும்பிப் போனோம். அந்த 1993இல் யாழ். குடாநாட்டில் மின்சாரமே இல்லை. 1990இல் அறுந்தது அப்போது திரும்பியிருக்கவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்ட சனம் நாங்கள். ஒரு செய்திக்காக அவ்வளவு பாடுபட்டவர்களின் பிள்ளைகள், கைக்கெட்டும் தூரத்தில் வந்த செய்தியைக் கேளாமல் இருந்திருக்கிறோம்.

2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக்கணினி கப்பம் கேட்கும் தாக்குதலுக்கு உள்ளானது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் பிரதி இல்லாமல் தொலைந்தன. கொழும்பைக் குறைசொல்லி நாங்களும் பேசினோம். ஆனால் அடுத்த நாள் எங்கள் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? அதே தாக்குதல் இங்கே நடந்திருந்தால், யார் எப்போது நுழைந்தார் என்று காட்ட எங்களிடம் ஒரு வரியும் இருந்திராது.

திருத்துவதற்குப் பெரிய செலவில்லை. மூலையில் கிடக்கும் பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, லொக் வாங்கும்படி அமைத்தால் அது சேர்வராகிவிடும். சுவிட்சுக்கு என்ரிபி கொடுத்து, நேர வலயத்தை +5:30க்கு வையுங்கள். அளவை 6க்கு ஏற்றுங்கள். பிறகு ஒரு கணினியின் கேபிளைக் கழற்றி மாட்டிவிட்டு, சேர்வரில் அந்த வரி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் சேர்வரின் 514ஆம் போர்ட்டுக்குச் செய்தி வந்து சேர்கிறதா என்று கவனியுங்கள். அங்கே செய்தி வந்தால் பிழை சேர்வரில், வராவிட்டால் சுவிட்சிலோ வழியிலோ.

தம்பி தங்கச்சிமாரே, நீங்கள் போட்டுக் கொடுத்த இடங்களுக்கு இந்த மாதமே ஒருமுறை திரும்பிப் போங்கள். நாங்களும் வருகிறோம்.