கைதட்ட வராத பெற்றோர்

காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு குறுவட்ட விளையாட்டுப் போட்டி. எங்கள் மாலை நேர மையத்துக்கு வரும் பெண்பிள்ளைகள் நான்கு பேர் தங்கள் பள்ளியின் கபடி அணியில் இருந்தார்கள். அரையிறுதி வரை வந்துவிட்டார்கள். மைதான ஓரத்து வேப்பமர நிழலில் தண்ணீர் பாட்டில், குளுக்கோஸ் டப்பா, துண்டு சகிதம் மற்ற அணிகளின் பெற்றோர் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் இரண்டு பேர்தான். இடைவேளையில் ஓர் ஆசிரியர் வந்தார். அக்கறையாகத்தான் பேசினார். "காலனிப் பசங்களுக்கு உடம்புல தெம்பு இருக்குங்க. வீட்லதான் சப்போர்ட் இல்ல. ஒரு பேரன்ட்டாவது வந்திருக்காங்களா பாருங்க."

அந்த நான்கு அம்மாக்களும் அப்போது எங்கே இருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஒருவர் நூறு நாள் வேலையில். ஒருவர் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில், கான்ட்ராக்ட் துப்புரவுப் பணியில், காலை ஷிப்ட்டில். ஒருவர் தறியில். நான்காமவர் அரசு மருத்துவமனையில் மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில். ஒரு நாள் போகாவிட்டால் கூலி போகும், சில இடங்களில் வேலையே போகும். மகள் கபடி ஆடுகிறாள் என்று லீவு லெட்டர் கொடுக்க அவர்களுக்கு ஒரு மேஜை கிடையாது.

விளையாடும் பிள்ளைகளுக்கு நல்ல பெற்றோராக இருப்பது எப்படி என்று இப்போது எங்கு பார்த்தாலும் அறிவுரை. நடுவரைத் திட்டாதீர்கள். வெற்றிக்கு நெருக்காதீர்கள். சத்தான உணவு கொடுங்கள். தோற்றுத் திரும்பும்போது காரில் ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். எல்லாம் நல்ல அறிவுரைதான். எங்கள் பிள்ளைகள் அன்று தோற்று, ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துத் திரும்பினார்கள்.

சமூகவியல் வகுப்பில் ஆனெட் லாரோவைப் படித்திருப்பீர்கள். நடுத்தர வர்க்கப் பெற்றோர் பிள்ளைகளின் நேரத்தை வகுப்பு வகுப்பாகப் பிரித்துத் திட்டமிட்டு வளர்ப்பதையும், உழைக்கும் குடும்பங்களில் பிள்ளைகள் தம் போக்கில் வளர்வதையும், பள்ளிகள் முதல் வகையை மட்டும் 'அக்கறை' என்று மதிப்பெண் போடுவதையும் அவர் அமெரிக்காவில் பார்த்து 2003இல் நூலாக எழுதினார். இங்கே அதோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது. ஊர்த்தெருப் பிள்ளையின் அப்பா வரவில்லை என்றால் 'பிஸி'. நம் பிள்ளையின் அப்பா வரவில்லை என்றால் 'அக்கறை இல்லாத கூட்டம்'.

இந்த ஊரில் பிள்ளைகளின் மாலை நேரம் யாருடையதாக இருந்தது என்பதையும் பேச வேண்டும். காஞ்சிப் பட்டின் பெருமையாகச் சொல்லப்படும் கோர்வைச் சேலை, கரை ஒரு நிறமும் உடல் வேறு நிறமுமாக வருவது. அதற்குத் தறியில் நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும், கரைக்கான நாடாவைத் தள்ள. அந்த இன்னொரு ஆள் பல காலம் ஒரு பிள்ளையாக இருந்தது. பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் உண்டு. முன்பணத்துக்குக் கட்டுண்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் தலித்துகளும் முஸ்லிம்களும் என்றது அந்த அறிக்கை. அன்று தறிக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள்தான் இன்று பெற்றோர். தங்களுக்கு ஒரு நாளும் கிடைக்காத விளையாட்டு நேரத்தைத் தங்கள் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் எடுக்கவும் தம்பியைப் பார்க்கவும் கூப்பிடாமல் மாலை இரண்டு மணி நேரம் மகளை விடுவதற்கு அந்த வீட்டில் யாரோ ஒருவர் கூடுதலாக உழைக்கிறார். ஆதரவு என்றால் இதுதான். இது மைதான ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாது.

துளசிமதி முருகேசன் இந்தக் காஞ்சிபுரத்துப் பெண். 2024 செப்டம்பர் 2 அன்று பாரிஸ் பாராலிம்பிக்கில் பாட்மின்டன் எஸ்யூ5 பிரிவில் வெள்ளி வென்றார். அப்பா தினக்கூலித் தொழிலாளி. மகளுக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவரே. அந்தக் குடும்பத்தை நினைத்து நாங்கள் நெகிழ்ந்து போகிறோம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் வென்ற பிறகு 'கூலித் தந்தையின் தியாகம்' என்று தலைப்புப் போட்டவர்கள் யாரும் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. ஒரு நாட்டின் பதக்கத்துக்கு ஒரு கூலித் தொழிலாளி ஏன் தன் கையிலிருந்து செலவு செய்ய வேண்டும்? தியாகத்தைப் புகழ்வது செலவில்லாத வேலை. அதைவிட மோசம், அந்தப் புகழ்ச்சி அடுத்த வீட்டுக்காரனுக்குப் பிரம்பாகிறது: "அவரால் முடிந்ததே, உன்னால் ஏன் முடியவில்லை?"

பணமும் நேரமும் மட்டுமல்ல, பயமும் இருக்கிறது. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கம், பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த தலித் மாணவனை இறக்கி வெட்டினார்கள். இடது கை விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் அவன் அணி ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அதே ஆண்டு தீபாவளிக்கு மாரி செல்வராஜின் 'பைசன் காளமாடன்' வந்தது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் மணத்தி கணேசனுடைய வாழ்க்கையைத் தழுவிய படம். அதில் மகன் கபடி ஆடப் போவதைத் தடுக்கும் அப்பாவைப் பார்த்து எங்கள் மைய மாணவர்கள் முதலில் எரிச்சல்பட்டார்கள். ஸ்ரீவைகுண்டத்துச் செய்தியை நினைவுபடுத்தியதும் அமைதியானார்கள். அந்த அப்பாவிடம் போய் 'சப்போர்ட்டிவ் பேரன்ட்' பாடம் எடுக்க முடியுமா?

வடக்கேயும் இதே கதைதான். ஹரித்வார் பக்கத்து ரோஷ்னாபாத் கிராமத்தின் வந்தனா கட்டாரியா, ஊர்ப் பேச்சை மீறி அப்பா ஆட அனுப்பிய பெண். அந்த அப்பா 2021 மே மாதம் இறந்தபோது பயிற்சி முகாமிலிருந்து வர முடியவில்லை. இரண்டே மாதத்தில் டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். ஆகஸ்ட் 4 அரையிறுதியில் இந்தியா தோற்றதும் ஆதிக்கச் சாதியினர் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லித் திட்டி ஆடினார்கள். கோல் போட்டாலும் போடாவிட்டாலும் வாசலில் நிற்கப்போவது குடும்பம்தான்.

இதைச் சொல்லிவிட்டு நம் வீட்டுக்குள் இருப்பதை மறைத்தால் அது நேர்மையில்லை. பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும் "போதும், ஷார்ட்ஸ் போட்டு ஓடினது" என்று நிறுத்துகிற அப்பாக்கள், அண்ணன்கள், சில நேரம் அம்மாக்களும் நம் தெருவில் இருக்கிறார்கள். கேட்டால் "ஊர்க்காரன் ஏதாவது பண்ணிடுவான்" என்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி ஆணாதிக்கம். அதே வீட்டுப் பையன் இரவு பத்து மணிக்கு டோர்னமென்ட் முடிந்து வந்தால் யாரும் கேட்பதில்லையே! இயக்கத் தோழர்கள் வீட்டிலும் இது நடக்கிறது. அந்த நான்கு பேரில் ஒருத்தி இப்போது விளையாட வருவதில்லை. அவள் அப்பாவிடம் மூன்று முறை பேசினோம். இன்னும் பேசுவோம்.

ஆனால் பெற்றோரோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அரசு தப்பித்துக்கொள்ளும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே பள்ளிக்கு விளையாட்டு மைதானமும் விளையாட்டுப் பொருட்களும் வேண்டும் என்று இருக்கிறது. 12,525 ஊராட்சிகளுக்குக் கலைஞர் ஸ்போர்ட்ஸ் கிட் கொடுப்பதாக அறிவித்தார்கள். நல்ல திட்டம். நாங்கள் போன ஓர் ஊராட்சியில் அந்தப் பெட்டி ஊர்த்தெருவில் ஒரு வீட்டில் பூட்டியிருந்தது. காலனிப் பையன்கள் கேட்கப் போனால் "சாவி இல்ல" என்று பதில் வந்தது. 'காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். சொல் போகட்டும், சாவி யாரிடம்?

பட்டியல் சாதி, பழங்குடி மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கு 2024இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் நாம் ஐந்தில் ஒருவர். அந்த நிதியிலிருந்து குடியிருப்புக்கு ஒரு மைதானம், போட்டிக்குப் போகும் பிள்ளைக்குப் பயணப்படி, கூட வரும் அம்மாவுக்கு அன்றைய கூலி என்று ஏன் கேட்கக் கூடாது? இடம் எங்கே என்பார்கள். 1891இல் நம் மக்களின் நிலமின்மையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதிய ட்ரெமென்ஹீர், காஞ்சிபுரம் அடங்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர். பஞ்சமி நிலம் அதிலிருந்து வந்தது. அந்த நிலம் இன்று யார் கையில் என்று பார்க்க ஆரம்பித்தால் இடம் கிடைக்கும். பெண்கள் கபடிக் களத்துக்கு 12 மீட்டருக்கு 8 மீட்டர் போதும்.

மே 1 கிராம சபைக்கான மனுவை எழுதிவிட்டோம். முதல் கையெழுத்து, அன்று மைதானத்துக்கு வராத, தறியில் இருந்த அந்த அம்மாவுடையது. அன்றைக்கு விடுமுறை என்பதால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.