பாடத்தைக் கலந்துவிட்டார்கள், வழி சொல்வது யார்?

ஒரே பாடத்தைப் படித்தது போதுமாம். கணக்குப் படிக்கிற பையன் சரித்திரமும் படிக்கலாம், பொருளாதாரம் படிக்கிற பெண் கம்ப்யூட்டரும் படிக்கலாம் என்று 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை சொல்லிற்று. 2022 டிசம்பரில் யு.ஜி.சி. அதற்குக் கணக்கும் போட்டுக் கொடுத்தது: மூன்று வருஷத்துக்கு 120 கிரெடிட், நான்கு வருஷத்துக்கு 160. அதற்குள் முதன்மைப் பாடம், துணைப் பாடம், பல்துறைப் பாடம், திறன் பாடம்!

பல பாடம் படிப்பதை நாம் எதிர்க்கவில்லை. உழைப்பாளியின் பிள்ளை விஞ்ஞானமும் படிக்கட்டும், சரித்திரமும் படிக்கட்டும். இத்தனை கிளைப் பாதைகளில் எது எங்கே போய்ச் சேரும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்வது யார்? இதுவே நமது கேள்வி.

வக்கீல் வீட்டுப் பிள்ளைக்குச் சித்தப்பா சொல்வார், அமெரிக்காவிலிருக்கும் அத்தான் சொல்வார். அகரத்தில் பூப்பறிக்கப் போகும் தாயும், வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லில் இராத்திரி ஷிப்டு நிற்கும் தகப்பனும் என்ன சொல்வார்கள்? "நல்லாப் படி, சாமி" என்பார்கள். அதற்குமேல் தெரியாதது அவர்கள் குற்றமல்ல.

மில்லுக்குப் புதிதாக வரும் ஆளை முதல் நாளே ரிங் பிரேமில் தனியாக விடுகிறார்களா? பழகிய தொழிலாளியின் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். இழை அறுந்தால் முதலாளிக்கு நஷ்டமல்லவா! பிள்ளையின் மூன்று வருஷம் அறுந்துபோனால் யாருக்கு நஷ்டம்?

அறுந்துபோவது கற்பனையல்ல. தமிழ்நாட்டில் சர்க்கார் வேலைக்கு மனுப் போட்டால், வாங்கிய பட்டம் கேட்கப்பட்ட பட்டத்துக்குச் சமானந்தானா என்று பார்க்கிறார்கள். புதுப் பெயர் தாங்கிய பட்டங்கள் பல சமானமல்ல என்று அரசாணைகளே வந்திருக்கின்றன. பி.எட். சேரப் போனாலும் எந்தப் பாடத்தில் பட்டம் என்ற கேள்விதான் முதலில் நிற்கும். "வாத்தியார் வேலைதான் நோக்கமென்றால் இதை எடு, அதைத் தொடாதே" என்று முதல் வருஷத்திலேயே சொல்ல ஒரு மனிதர் வேண்டாமா?

இன்னொரு வேடிக்கை. ஒரு வருஷத்தில் நின்றால் சர்டிபிகேட், இரண்டில் நின்றால் டிப்ளமா என்கிறார்கள். இடையில் நிற்பவன் யார்? பீஸ் கட்ட முடியாதவன். அவனை நிற்காமல் காப்பதை விட்டுவிட்டு, வெளியேற அலங்கார வாசல் கட்டியிருக்கிறார்கள்!

மாணவர்களுக்கு வழிகாட்டும் ஏற்பாடு வேண்டுமென்று கோத்தாரி கமிஷன் 1964-66லேயே சொல்லிவிட்டது. டில்லிப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷப் படிப்பை 2013-ல் அவசரமாகத் திணித்து, 2014-ல் திரும்பப் பெற்றார்கள். 2022-ல் மறுபடியும் கொண்டுவந்தார்கள். அவஸ்தை பிள்ளைகளுக்கு.

தமிழ்நாடு அரசு இந்தக் கொள்கையை ஏற்கவில்லை, சரிதான். 2022 முதல் 'கல்லூரிக் கனவு' நடத்துகிறது. அதுவும் நல்ல காரியமே. ஆனால் அது கல்லூரி வாசல் வரைதான். உள்ளே ஆலோசனை சொல்ல வேண்டிய ஆசிரியர் யார்? அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கானோர் தொகுப்பூதியத்தில் இருக்கும் கௌரவ விரிவுரையாளர்கள். அடுத்த வருஷம் தமக்கே வேலை உண்டா என்று தெரியாதவர், பிள்ளைக்கு எதிர்காலம் சொல்வாரா?

காலி இடங்களில் நிரந்தர ஆசிரியரைப் போடு! ஆலோசனை நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எடு! எந்தப் பாடச் சேர்க்கை எந்த மேற்படிப்புக்கும் எந்த உத்தியோகத்துக்கும் செல்லும் என்று தமிழில் அச்சடித்து, அட்மிஷன் பாரத்தோடு கொடு! தகப்பன் கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளை அவருக்குப் படித்துக் காட்டு!