எண்ணும் மண்ணும்

குதிரைப் பந்தயம் ஒரு பல்கலைக்கழக ஏட்டிற் பேசத்தக்க பொருளா என்று முகஞ்சுளிப்போர் இருக்கக்கூடும். சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்குவது எமது நோக்கமன்று. ஓர் அளவீடு எதனை அளக்கிறது, எதனை அளக்காது விடுகிறது என்ற வினா, புள்ளிவிபரவியல் பயில்வோருக்கும் சமூகவியல் பயில்வோருக்கும் ஒருங்கே உரியது. அமெரிக்கப் பந்தயத் திடல்களில் அவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட பிழையான விடையின் விலை பணம் மட்டுமன்று. அதில் உயிரும் அடங்கும். இங்கு அதனை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் அதுவே.

ஒரு குதிரையின் தகுதியை, அது ஓடி முடித்த நேரத்திலிருந்து பெறப்படும் ஒற்றை எண்ணால் உரைத்துவிடலாம் என்பதும், அவ்வெண் எத்திடலுக்கும் எத்தளத்துக்கும் பொருந்தும் என்பதும் ஒரு சாராரின் கொள்கை. இதனை நாம் மறுக்கிறோம். வேக எண் பயனற்றது என்பது எமது வாதமன்று. அது குதிரையின் இயல்பை மட்டும் சொல்லும் எண்ணன்று. குதிரையும் நிலமும் சந்தித்ததன் விளைவைச் சொல்லும் எண் என்பதே எமது வாதம்.

முதலில் இம்முறையின் பெருமையை ஒப்புக்கொள்வோம். குதிரையின் குலம், அதன் எசமானின் செல்வாக்கு, இலாயத்திலிருந்து கசியும் இரகசியம் ஆகியவையே நெடுங்காலம் தகுதிக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டன. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று, பின்னர் பத்திரிகையாளரான அன்ட்ரூ பேயர் என்பவர் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. வெறும் நேரத்தை ஒப்பிடுவதிற் பயனில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். ஒரே தடம் ஒரு நாள் இறுகியும் மறுநாள் இளகியும் இருக்கும். எனவே, ஒவ்வொரு தரத்துப் பந்தயமும் வழமையாக எவ்வளவு நேரத்தில் ஓடி முடிக்கப்படும் என்பதை முதலிற் கணித்து, ஒரு நாளின் பந்தயங்கள் யாவும் அவ்வழமையிலிருந்து சராசரியாக எவ்வளவு விலகின என்று காணவேண்டும். அவ்விலகலைத் தடத்தின் கணக்கில் எழுதிக் கழித்துவிட்டால், எஞ்சுவது குதிரையின் கணக்காகும். ஆறு பேர்லோங் தூரத்தில் ஒரு குதிரை நீளம் ஏறத்தாழ இரண்டரைப் புள்ளி. ஒரு மைலில் இரண்டுக்கும் குறைவு. 1992ஆம் ஆண்டு முதல் இவ்வெண்கள் ‘டெய்லி ரேசிங் போர்ம்’ நாளேட்டில் அச்சாகின்றன. சிலரின் தனியுடைமையாக இருந்த அறிவை, ஏட்டை வாங்கக்கூடிய எவருக்கும் பொதுவாக்கியமை இம்முறையின் நற்பயன்.

ஆயின், எண்ணைக் கண்டவர் கைகூப்பத் தொடங்கிவிட்டனர். அந்த எண் நிற்கும் அடித்தளத்தைச் சற்றுத் தோண்டிப் பார்ப்போம்.

முதலாவதாக, நேரமே ஐயத்துக்கிடமானது. 1973ஆம் ஆண்டு பிம்லிக்கோவில் நடைபெற்ற பிரீக்னஸ் பந்தயத்தில் செக்ரட்டேரியற் என்னும் குதிரை வென்றது. மின்கடிகாரம் காட்டிய நேரம் 1 நிமிடம் 55 வினாடி. கடிகாரம் பிழைத்துவிட்டதென அறிந்து, இரு நாட்களின் பின் அது 1 நிமிடம் 54 2/5 வினாடியாகத் திருத்தப்பட்டது. மேற்கூறிய நாளேட்டினர் தம் கையாற் கணித்தது 1 நிமிடம் 53 2/5 வினாடி. 39 ஆண்டுகள் கழித்து, 2012இல், மேரிலாண்ட் மாநிலப் பந்தய ஆணைக்குழு படச்சுருள்களை ஆராய்ந்து 1 நிமிடம் 53 வினாடி எனத் தீர்ப்பளித்தது. நாடே பார்த்திருந்த ஓட்டத்துக்கு இந்தக் கதியாயின், எவரும் திரும்பிப் பாராத ஒரு மாலைநேரப் பந்தயத்தின் நேரத்தை வேதவாக்காகக் கொள்வது எங்ஙனம்?

இரண்டாவதாக, தடத்தின் வேகத்தை அறிவதற்குக் குதிரைகளே கருவி. குதிரைகளின் வேகத்தை அறிவதற்குத் தடமே கருவி. இந்த வட்டத்திலிருந்து வெளியேறப் பல பந்தயங்களின் சராசரி வேண்டும். ஒரு நாளில் மண் தடத்தில் ஏழெட்டுப் பந்தயங்கள் நடந்தால் அது ஓரளவு கைகூடும். அதே நாளிற் புற்றரையில் ஒன்றோ இரண்டோ பந்தயங்கள் மட்டுமே நடந்திருப்பின், அவற்றிலிருந்து பெறும் சராசரிக்கு என்ன மதிப்பு? முதலாம் வருடப் புள்ளிவிபரவியல் மாணவனும் இதற்கு விடை கூறுவான்.

மூன்றாவது காரணமே தலையாயது. தளங்கள் ஒன்றினின்று ஒன்று வேகத்தில் மட்டும் வேறுபடுவனவல்ல, இயல்பிலேயே வேறுபடுவன. மண் தடத்தில் முன்னோடும் குதிரையின் குளம்புகள் எறியும் மண், பின்வருவதன் முகத்தில் அறைகிறது. ஆகவே தொடக்கத்திலேயே முந்திக்கொள்ளும் ஆற்றலுக்கு அங்கு மதிப்பு அதிகம். புற்றரையிலோ முற்பாதி நிதானமாக ஓடி, இறுதி இரண்டு மூன்று பேர்லோங்கிற் பாய்வதே பெருவழக்கு. அங்கு மொத்த நேரம் குதிரையின் ஆற்றலையன்று, ஓட்டிகள் முற்பாதியில் மேற்கொண்ட நிதானத்தையே பெரிதும் காட்டுகிறது. மணலும் இழையும் இறப்பர்த் துகளும் கலந்து மெழுகு பூசிய செயற்கைத் தடம் மூன்றாவது வகை. வெயில் ஏற ஏற மெழுகின் தன்மை மாறுவதால், அத்தடம் காலையில் ஒன்றாகவும் மதியத்தில் வேறொன்றாகவும் நடந்துகொள்ளும்.

செக்ரட்டேரியற் 1973இல் பெல்மொன்ற் திடலின் மண் தடத்தில் ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 வினாடியில் ஓடி, 31 குதிரை நீளத்தால் வென்றது. இங்கிலாந்தின் எப்சம் திடலில், மேடும் பள்ளமுமான புற்றரையில், ஏறத்தாழ அதே தூரத்தை 2010இல் வேர்க்போர்ஸ் என்னும் குதிரை டேர்பிப் பந்தயச் சாதனையாக 2 நிமிடம் 31.33 வினாடியில் ஓடியது. ஏழு வினாடி வேறுபாட்டைக் கொண்டு, பின்னையது முன்னையதற்கு முப்பது குதிரை நீளத்துக்கு மேற் பின்தங்கியது என்று எவரேனும் கூறத் துணிவரா? துணியார். எல்லை கடந்த இடத்தில் ஒப்புக்கொள்ளும் உண்மையை, ஒரே திடலின் வேலிக்குள் மட்டும் அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

பந்தய வரலாறும் எமது பக்கமே சாட்சி கூறுகிறது. 2007, 2008 ஆகிய இரு ஆண்டுகளிலும் அமெரிக்காவின் சிறந்த குதிரையெனத் தெரிவானது கேர்லின். மண் தடத்தில் அதற்கு நிகரில்லை. ஆயின் 2008இல் சான்ரா அனிற்றாவின் செயற்கைத் தடத்தில் நடைபெற்ற பிரீடர்ஸ் கப் கிளாசிக் பந்தயத்தில் அது நான்காவதாகவே வந்தது. முதலிரு இடங்களையும் பெற்றவை ஐரோப்பியப் புற்றரைகளிற் பழகிய குதிரைகள். மறுதலையாக, செனியாற்றா என்னும் பெண்குதிரை 19 பந்தயங்களைத் தொடர்ந்து வென்றபோது, அவற்றுட் பெரும்பாலானவை செயற்கைத் தடத்தில் ஓடியவை என்றும், எண்கள் உயரவில்லை என்றும் கூறி அதனை இகழ்ந்தோர் இருந்தனர். 2010இல் கென்ரக்கியின் சேர்ச்சில் டவுன்ஸ் மண் தடத்தில் அது தன் ஒரே தோல்வியைச் சந்தித்தது. அதுவும் ஒரு தலையளவு வித்தியாசத்தில். அனிமல் கிங்டம் முதன்முதலாக மண் தடத்தில் ஓடிய பந்தயமே 2011ஆம் ஆண்டின் கென்ரக்கி டேர்பி. அதனை அது வென்றது. எண்ணை மட்டும் நம்பியவர் மூன்று தடவையும் ஏமாந்திருப்பர்.

‘தளத்துக்கொரு தனி எண் கணித்தால் தீர்ந்தது’ என்பர் எதிர்த்தரப்பினர். நல்லது. அவ்வாறாயின் குதிரைக்கு ஒற்றைத் தகுதி எண் உண்டென்ற அவர்களது மூலக்கோட்பாடு அங்கேயே வீழ்ந்துவிடுகிறது. அதன்பின் அவர்களுக்கும் எமக்கும் பிணக்கில்லை.

இத்துடன் இது பந்தயம் கட்டுவோரின் சில்லறைச் சச்சரவாக முடிந்திருப்பின் நாம் எழுதியிரோம். குதிரைகள் காலொடிந்து மடிவதைக் குறைப்பதற்காக, 2007ஆம் ஆண்டின் முடிவுக்குள் பெருந்திடல்கள் யாவும் செயற்கைத் தடம் அமைக்க வேண்டுமெனக் கலிபோர்னிய மாநிலப் பந்தயச் சபை 2006இல் விதித்தது. அமெரிக்க ஜொக்கி கழகம் 2009 முதற் சில ஆண்டுகளில் திரட்டிய தரவுகளின்படி, ஒரு குதிரை ஒரு பந்தயத்தில் ஓடுவதை ஓர் ஓட்டமெனக் கொண்டால், 1000 ஓட்டங்களுக்கு மண் தடத்தில் ஏறத்தாழ 2 குதிரைகளும், செயற்கைத் தடத்தில் ஏறத்தாழ 1.2 குதிரைகளும் இறந்தன. எனினும் சான்ரா அனிற்றா 2010இலும், கீன்லாண்ட் 2014இலும், டெல் மார் 2015இலும் மண்ணுக்கே மீண்டன. வடிகாற் கோளாறு, பராமரிப்புச் செலவு, டேர்பிக்கு ஆயத்தமாகும் குதிரைகளை ஈர்க்கும் போட்டி, வேறுவகைக் காயங்கள் பற்றிய பயிற்றுநரின் குறைபாடு எனக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, இத்தடத்திற் கணிப்புகள் பலிப்பதில்லை என்ற பந்தயம் கட்டுவோரின் முறைப்பாடு. பின்னர், 2018 டிசெம்பர் முதல் 2019 யூன் வரையான பருவத்தில், சான்ரா அனிற்றாவிற் பந்தயத்திலும் பயிற்சியிலுமாக 30 குதிரைகள் மாண்டன. அவை யாவும் மண் தடத்தில் மாண்டவையல்ல. வழமை மீறிய மழையும் ஒரு காரணமெனக் கூறப்பட்டது. ஆயினும், நிலத்தைப் பற்றிய வினா ஒருபோதும் பழைய வினாவாகிவிடவில்லை என்பதை அம்மரணங்கள் உணர்த்தின.

எண் நிலத்துக்குப் பொருந்தவில்லை எனில் திருத்தப்படவேண்டியது எண். அதனை விடுத்து, எண்ணுக்குப் பொருந்தவில்லை என்று நிலத்தைக் குறைகூறுவது, காலுக்குச் செருப்பு அளவில்லையென்று காலைத் தறிப்பதற்கு ஒப்பாகும்.

ஆதலின் நாம் வேண்டுவது இதுவே. எந்த வேக எண்ணும் அது பெறப்பட்ட தளத்தின் பெயரின்றி வாசிக்கப்படலாகாது. புதிய தளத்தில் இறங்கும் குதிரையைப் பற்றி, அது முன்னர் ஓடிய தளத்தின் எண் ஓர் ஊகத்தை மட்டுமே தரும், தீர்ப்பைத் தராது. எத்தளம் அமைப்பது என்ற முடிவைக் கணிப்பின் வசதி தீர்மானிக்கலாகாது; ஓடும் உயிரின் நலனே தீர்மானிக்கவேண்டும். புள்ளிகளால் தெரிவாகி, புள்ளிகளால் தரம்பிரிக்கப்படும் மாணவராகிய எமக்கு இது விளங்காத விடயமன்று. எண்ணைக் கேட்கும்போதே அது எந்த மண்ணில் விளைந்தது என்றும் கேட்போமாக.