பற்றுப் போடுங்கள், நீவி விடாதீர்கள்!

கொய்யா மரத்திலிருந்து பையன் விழுகிறான். ரத்தம் வரவில்லை. ஆனால் தொடையில் முட்டை போலப் புடைத்துக்கொண்டு நீலம் பாரிக்கிறது. "ஐயோ, ரத்தம் கட்டிக்கிச்சே!" என்று பாட்டி ஓடி வருகிறாள். அடுத்த நிமிஷமே அந்த வீட்டில் மூன்று வைத்தியசாலைகள் திறந்துவிடுகின்றன. புளியும் உப்பும் என்கிறாள் பாட்டி. மஞ்சளும் சுண்ணாம்பும் என்கிறாள் அத்தை. பக்கத்து வீட்டுக்காரரோ தைலப் புட்டியோடு வந்து, "காலை நீட்டு தம்பி, ஒரு உருவு உருவினா சரியாப் போயிடும்" என்கிறார். பையன் இப்போது அலறுவது விழுந்ததற்காக அல்ல, இவர்களைப் பார்த்துத்தான்.

இந்த மூவரில் அதிகம் பயப்பட வேண்டியவர் தைலப் புட்டிக்காரர்.

தோல் கிழியாமல், உள்ளே மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் அறுந்து, ரத்தம் சதைக்குள் கசிந்து தங்குவதே ரத்தக்கட்டு. முதலில் சிவப்பு, பிறகு கருநீலம், அப்புறம் பச்சை, கடைசியில் மஞ்சள் என்று அது நிறம் மாறும். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் சிறிது சிறிதாகச் சிதைவதால் வரும் வர்ண ஜாலம் இது. சாதாரண ரத்தக்கட்டு சுமார் இரண்டு வாரத்தில் தானாகவே மறைந்துவிடும். ஆகையால் எந்தப் பற்றைப் போட்டாலும் குணமாகிவிடுகிறது! பாட்டியின் புளிக்குக் கிடைத்திருக்கும் புகழில் பெரும் பங்கு இயற்கைக்குச் சேர வேண்டியது. மஞ்சள் பூசியவர்களுக்கோ, ரத்தம் கரைந்து மஞ்சளானதா, பூசியதால் மஞ்சளானதா என்றே தெரியாது.

அதற்காகப் பற்று வெறும் ஏமாற்று வித்தை என்று தள்ளிவிட முடியாது. புளியைக் கெட்டியாகக் கரைத்து, கல்லுப்புப் போட்டுக் கொதிக்க வைத்துப் பூசினால், காயக் காயத் தோலை இறுக்கிப் பிடிக்கும். அது உதிர்ந்துவிடுமே என்று பையன் காலை அசைக்காமல் கிடப்பான். அடிபட்ட சதைக்கு வேண்டியதும் அந்த ஓய்வுதான். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மூசாம்பரத்தின் கதையும் இதே. சென்னை ராசப்ப செட்டித் தெருப் பக்கம் போனால் கரிக்கட்டி போல மினுமினுத்துக்கொண்டிருக்கும். கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி இறுக வைத்த பொருள் அது. முட்டையின் வெள்ளைக் கருவில் குழைத்துத் தடவினால் பலகை போல இறுகும். ஆனால் குழந்தை அதை நக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே போனால் பலமான பேதி மருந்து. தோல் சிராய்த்திருந்தால் உப்பு, சுண்ணாம்பு இரண்டும் கூடாது. சுண்ணாம்பு தோலையே பொசுக்கிவிடும்.

பாட்டி செய்கிற பிழை பற்றில் இல்லை, சூட்டில் இருக்கிறது. "கை பொறுக்கிற சூடு" என்பது அவளுடைய கணக்கு. அடுப்பிலிருந்து பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கிப் பழகிய கை அது! பையனின் தோல் அப்படியா? தவிர, அடிபட்ட முதல் நாளில் சூடு பட்டால் ரத்தக் குழாய்கள் விரிந்து கசிவு அதிகமாகும். உப்பு ஒத்தடமும் தவிட்டு ஒத்தடமும் இரண்டு நாள் கழித்து வர வேண்டியவை. அன்றைக்குக் கிணற்று நீரில் நனைத்த துணி போதும். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் வைக்கலாம். இதிலும் டாக்டர்கள் ஒரே பேச்சில் நின்றுவிடவில்லை. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978இல் பிரபலமாக்கிய அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே, ஐஸ் வலியைத் தணித்தாலும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் எழுதினார். பாட்டிகளும் அப்படி ஒரு தடவை மனம் மாறினால் நல்லது.

தைலப் புட்டிக்காரருக்கு வருவோம். தைலத்தின் மேல் குற்றமில்லை. கட்டை விரல்மேல்தான் குற்றம். அறுந்த குழாய்கள் அடைபடுவதற்குள் அழுத்தி உருவினால் அவை மறுபடியும் திறந்துகொள்ளும். தொடைச் சதையில் பலமாக அடிபட்ட இடத்தைப் பிசைந்தால், சில சமயம் சதைக்குள்ளேயே எலும்பு போலக் கெட்டித்து மாதக்கணக்கில் தொல்லை கொடுக்கும். கீழே எலும்பு முறிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். "கத்தினால் கட்டு கரையுதுன்னு அர்த்தம்" என்று சொல்கிற வைத்தியரிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வருவதே மேல்.

மஞ்சளைக் குறை சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் ஒரு வழக்கை எடுத்துப் போடுவார்கள். காயம் ஆற மஞ்சளை உபயோகிப்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுக்கப்பட்டது. இந்திய அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றம் போராடி 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. பெருமைப்பட வேண்டிய வெற்றிதான். ஆனால் அங்கே முடிவானது, இது இந்தியாவில் வெகு காலமாகத் தெரிந்த விஷயம் என்பதே. மஞ்சள் எல்லா அடியையும் ஆற்றும் என்று அங்கே யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை.

வீட்டில் முதியவர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆஸ்பிரின், வார்ஃபாரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு லேசாக இடித்தாலே கை முழுதும் கறுத்துவிடும். அடியே படாமல் திட்டுத் திட்டாக நீலம் தோன்றினாலும், காய்ச்சலோடு தோன்றினாலும் அது டாக்டர் பார்க்க வேண்டிய சங்கதி.

எல்லாவற்றையும் விட அபாயம் தலை. மரத்திலிருந்து விழுந்த பையன் எழுந்து உட்கார்ந்து பேசுகிறான், சிரிக்கிறான், மிட்டாய்கூடக் கேட்கிறான். நெற்றிப் புடைப்புக்குப் பற்றுப் போட்டுப் படுக்க வைக்கிறார்கள். மண்டை ஓட்டுக்குள்ளே ஒரு குழாய் அறுந்திருந்தால், அந்தச் சில மணி நேரத்தில் ரத்தம் சேர்ந்து மூளையை நெருக்கும். பிறகு வாந்தி, தலைவலி, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம். "பாவம், அசந்து தூங்கறான்" என்று போர்த்திவிடுகிறவர்கள் அன்பானவர்கள்தாம். போவது அவன் உயிர். தலையில் பலமாகப் பட்டு, நினைவு தவறினாலோ, வாந்தி எடுத்தாலோ, பேச்சுக் குழறினாலோ, அசாதாரணமாகத் தூங்கினாலோ, அந்த நிமிஷமே 108க்குப் போன் செய்ய வேண்டும். பற்றை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தும் போட்டுக்கொள்ளலாம். புளி அதற்குள் கெட்டுப் போகாது.