இருண்ட மூலை சிதைந்த எழுத்தாகாது

கொள்ளேகால் வட்டாரத்தில் நான் எடுத்த கல்வெட்டுப் படங்களை அண்மையில் ஒரு கருத்தரங்கில் காட்டினேன். சிறிய ஜூம் கேமராவில் எடுத்த ரா கோப்புகள் அவை. நான்கு மூலைகளும் கறுத்திருந்தன. ‘வரியிறுதி எழுத்துகள் சிதைந்தன என்று குறித்துவிடுங்கள்’ என்றார் ஒருவர். மூலைகளை ஒளியூட்டிப் படிக்கலாமே என்றேன். ‘ரா கோப்பைத் தொட்டால் அது சான்றாகாது’ என்றார் மற்றொருவர். இரண்டும் பிழை, இரண்டாவது பிழை முறையியலின் பெயரால் நிகழ்வதால் கேடு மிகுந்தது.

ரா கோப்பு தீண்டப்படாத உண்மை அன்று, முடிவுறாத வேலை. சட்டைப்பைக்குள் அடங்க வேண்டிய ஜூம் லென்ஸ்களில் கோணல்களையும் மூலை இருளையும் கண்ணாடியால் முற்றும் நீக்குவதில்லை. எஞ்சியதை மென்பொருள் நீக்கும் என்று கருதியே பலவற்றை வடிவமைக்கின்றனர். ஜேபெக் படத்தில் கேமராவே அத்திருத்தத்தைச் செய்துவிடுகிறது. 2009இல் வெளியான டிஎன்ஜி 1.3 வரையறை, திருத்தக் கட்டளைகளை ரா கோப்பினுள்ளேயே பொதிந்துவைக்க இடமளித்தது. ஆக, ஜேபெக்கைச் சான்றாக ஏற்பவர் திருத்தத்தை ஏற்கெனவே ஏற்றுவிட்டார். அதை அறியாமல் ஏற்றார் என்பதே வேறுபாடு.

இருளின் அளவையும் கணக்கிடலாம். சாய்ந்து வரும் ஒளி, கோணத்தின் கொசைன் நான்மடிக்கு ஏற்பக் குறையும் என்பது எளிய விதி. 24 மி.மீ.க்கு நிகரான அகலக் கோணத்தில் மூலைக்குச் செல்லும் கதிர் சுமார் 42 பாகை சாய்கிறது. அவ்விதிப்படி நடுவில் விழும் ஒளியில் ஏறத்தாழ 30 விழுக்காடே மூலையை அடையும். குறைந்த ஒளி வேறு, இல்லாத ஒளி வேறு. அந்த 30 விழுக்காட்டில் எழுத்து இருக்கிறது.

எனவே முதலில் காரணத்தைக் கண்டறிய வேண்டும். வெண்சுவர் ஒன்றை ஒவ்வொரு ஜூம் நிலையிலும் படமெடுங்கள். இருள் நடுவிலிருந்து மெல்லப் படர்ந்தால் அது லென்ஸின் இயல்பு. துளையை எஃப் 4 அளவுக்குச் சுருக்கினால் பெரும்பாலும் குறையும். கூர்விளிம்புடன் கறுத்தால் வடிகட்டி வளையமோ லென்ஸின் ஒளிவட்டம் சென்சாரை எட்டாமையோ காரணம். வளையத்தைக் கழற்றுங்கள், சற்றே ஜூம் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் இருண்டால் லென்ஸை மூடும் தகடுகள் முழுதும் திறந்தனவா என்று பாருங்கள். கூர்விளிம்பு இருளில் தரவே இல்லை. அங்கே மறுபடி எடுப்பதே வழி.

மெல்லிய இருளுக்குத் தீர்வு உண்டு. டார்க்டேபிள், ராதெரபி ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் லென்ஸ்ஃபன் தரவைக் கொண்டு திருத்துகின்றன. உங்கள் கேமரா அதில் இல்லையெனில், அதே ஜூம், அதே துளை, அதே குவியத்தில் சீராக ஒளிபெற்ற வெண்தாளைப் படமெடுத்து, அதனால் கல்வெட்டுப் படத்தை வகுத்துக்கொள்ளலாம். ராதெரபியில் இதற்கு வசதி உண்டு. ஒளியூட்டிய மூலையில் இரைச்சல் கூடும் என்பது உண்மையே. ஆகவே ஐஎஸ்ஓவைக் குறைத்து, முக்காலியில் நிறுத்தி எடுங்கள். செய்த திருத்தத்தைக் குறித்துவையுங்கள். மூலக்கோப்பை அப்படியே காத்துவையுங்கள். மைப்படி எடுப்பவரும் தாளை அழுத்தி, மையொற்றித்தானே எழுத்தை வெளிக்கொணர்கிறார்? அதை எவரும் புரட்டு என்பதில்லை.

இது வெறும் கேமராச் சிக்கல் அன்று. பதிப்பில் நாம் இடும் புள்ளிகளைப் பின்வருவோர் கல்லின் சிதைவாகவே படிப்பர். ஒரு வரியின் இறுதியில் வேற்றுமை உருபு உண்டா இல்லையா என்பதில் இலக்கண வாதமே தங்கியிருக்கலாம். லென்ஸின் குறை மொழி வரலாற்றின் தரவாகிவிடும். கொள்ளேகால் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மைசூர் சமஸ்தானக் கல்வெட்டுகளைத் தொகுத்த ரைஸின் ஆய்வெல்லைக்கு வெளியே கிடந்த ஊர். எல்லையோரம் என்பதால் மொழி இல்லாமற் போகவில்லை. ‘சிதைந்தது’ என்று எழுதுமுன் வெண்சுவரை ஒருமுறை படமெடுங்கள். அதைச் செய்யாதவர் இடும் புள்ளிகளை நான் சான்றாக ஏற்கமாட்டேன்.